ஸ்கர்ட்டிங் உள்ள சுவரில் அலமாரியை ஒட்டி நிறுத்துவது எப்படி

அலமாரியைச் சுவரை நோக்கித் தள்ளினால் கடைசி ஒன்றரை செ.மீ. மட்டும் போகாது. சுவரின் அடியில் தரையோரமாக ஓடும் பட்டைதான் ஸ்கர்ட்டிங்; அலமாரியின் அடிப்பகுதி அதில் முட்டிக்கொள்ளும். அதற்கு மேலே உச்சி வரை ஒரே அளவில் இடைவெளி நிற்கும். சாக்ஸ், சார்ஜர், தூசி எல்லாம் அதற்குள் விழும். பக்கத்திலிருந்து பார்த்தால் அலமாரியைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். மேல்பகுதிக்குப் பின்னால் எந்தப் பிடிமானமும் இல்லாததால் கதவைத் திறக்கும்போது லேசாக ஆடவும் செய்யும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அலமாரியின் முதுகு முழுவதும் சுவரைத் தொட வேண்டியதில்லை. இரு பக்கங்களின் பின்விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி மறைய வேண்டும், உச்சி சுவரோடு பிடிபட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போதும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் சிறிது காற்று இருப்பது நல்லதும்கூட. இதைப் புரிந்துகொண்டவர்கள் பாதி நேரம் ரம்பத்தையே எடுக்காமல் வேலையை முடித்துவிடுவார்கள்.

அளவெடுப்பது

மரம் அல்லது எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்கர்ட்டிங் பெரும்பாலும் 12 முதல் 18 மி.மீ. கனம் இருக்கும். டைல் ஸ்கர்ட்டிங்கில் டைலின் கனம் 8 முதல் 10 மி.மீ.தான் என்றாலும், பின்னால் இருக்கும் கலவையோடு சேர்த்து அதைவிட அதிகமாகவே சுவரைவிட்டு வெளியே நிற்கும். கலவை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது. அதனால் அலமாரி வரப்போகும் நீளத்தில் இடது கோடி, நடு, வலது கோடி என மூன்று இடங்களில் கனத்தையும் உயரத்தையும் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தரையோரம் கால்வட்ட பீடிங் (இடைவெளியை மறைக்கும் மெல்லிய பட்டை) அடித்திருந்தாலோ, ஸ்கர்ட்டிங்கின் மேல் வயர் கேசிங் ஓடினாலோ அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பலரும் ஸ்கர்ட்டிங்கின் கனத்தை மட்டும் அளந்துவிட்டு ரம்பத்தை எடுத்துவிடுவார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்பதுதான் அதைவிட முக்கியம். அலமாரியின் உயரத்தில், சுவரை உரசும் அளவுக்கு நூலைப் பிடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நடுவில் சுவர் புடைத்திருந்து நூல் அதில் படிந்தால், அந்தப் புடைப்பை உரசும் வரை நூலை முன்னால் கொண்டுவாருங்கள். குண்டு ஸ்கர்ட்டிங்கின் தலைக்குச் சற்று மேலே தொங்கட்டும். அது அசையாமல் நின்றதும், ஸ்கர்ட்டிங்கின் முகம் நூலைவிட எத்தனை மி.மீ. முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு உண்மையில் தேவையான வெட்டின் ஆழம் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு: ஸ்கர்ட்டிங் 16 மி.மீ. கனம். சுவர் மேலே போகப் போக அறைக்குள் 6 மி.மீ. சாய்ந்திருக்கிறது. அலமாரியை நேராக நிறுத்தினால் அதன் உச்சிதான் முதலில் சுவரைத் தொடும். கீழே ஏற்கெனவே 6 மி.மீ. விலகல் இருப்பதால் 10 மி.மீ. வெட்டினாலே போதும். சுவர் எதிர்ப்பக்கம், அதாவது வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தால், 16 மி.மீ. முழுவதையும் வெட்டிய பிறகும் உச்சியில் 6 மி.மீ. இடைவெளி மிஞ்சும். அதைக் கடைசியில் பீடிங்கால்தான் மறைக்க முடியும். சுவர் சாய்ந்திருக்கிறது என்பதற்காக அலமாரியையும் சேர்த்துச் சாய்க்காதீர்கள். கதவுகள் தாமாகத் திறக்கவோ மூடவோ ஆரம்பித்துவிடும்.

முடிவெடுக்க வைக்கும் அளவு

தரையிலிருந்து அலமாரியின் அடித்தட்டுக்குக் கீழே எத்தனை மி.மீ. காலியிடம் இருக்கிறது என்று அளந்து, அதை ஸ்கர்ட்டிங்கின் உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

அடித்தட்டு ஸ்கர்ட்டிங்கைவிட உயரத்தில் இருந்தால் வழி எளிது. இரண்டு பக்கப்பலகைகளின் பின்மூலையில் ஒரு சிறு செவ்வகத்தை வெட்டி எடுத்தால் ஸ்கர்ட்டிங் அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். அடித்தட்டுக்கும் பின்பலகைக்கும் எதுவும் ஆகாது.

அடித்தட்டு ஸ்கர்ட்டிங்கைவிடத் தாழ்வாக இருந்தால், பக்கப்பலகையோடு அடித்தட்டின் பின்விளிம்பையும் வெட்டி, பின்பலகையின் கீழ்ப்பகுதியையும் குறைக்க வேண்டிவரும். அப்புறம் அடித்தட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவில் திறந்த வாய் ஒன்று உருவாகும். அதை மூட ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வேண்டும். 3 மி.மீ. பின்பலகைதான் அலமாரியைக் கோணாமல் சதுரமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் கீழ்விளிம்பை எடுத்துவிட்டால் கூடு ஆட ஆரம்பிக்கும். இந்த நிலையில் வெட்டுவதை மறந்துவிட்டு, அடியில் பீடம் செய்து அலமாரியைத் தூக்கி வைப்பதே நல்லது.

பக்கப்பலகையில் வெட்டு

அலமாரி இன்னும் பிரித்த நிலையில் இருந்தால் பூட்டுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். பூட்டிய அலமாரி என்றால் கதவுகள், தட்டுகள், இழுப்பறைகள் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு பேராகப் பிடித்து, விரிப்பின் மேல் முகம் கீழே இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தபடியே பின்னால் கையை விட்டு வெட்டுவது நடக்காத காரியம்.

ரம்பம் எடுப்பதற்கு முன் மூன்று சோதனைகள். வெட்டும் இடத்தில் அடித்தட்டைப் பூட்டும் கேம் லாக்கோ (திருகிப் பூட்டும் வட்டமான பூட்டு), டவல் (மரமுளை) துளையோ வருகிறதா? வெட்டின் மேல்கோட்டுக்கும் அந்தத் துளைகளுக்கும் நடுவில் குறைந்தது 25 மி.மீ. பலகை மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் அங்கேயே பிளந்துவிடும். பின்மூலையில் பிளாஸ்டிக் கால் அடித்திருக்கிறதா? இருந்தால் கழற்றி, வெட்டுக்கு முன்னால் நகர்த்தி அடியுங்கள். அடித்தட்டுக்குக் கீழே, பின்பக்கம் இரு பக்கப்பலகைகளையும் இணைக்கும் குறுக்குப்பலகை உண்டா? அதையும் அதே அளவுக்கு முன்னால் தள்ள வேண்டும்.

வெட்டின் அளவு: தூக்குக்குண்டில் கிடைத்த ஆழத்தோடு 3 மி.மீ., ஸ்கர்ட்டிங்கின் உயரத்தோடு 5 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ. ஆழம், 75 மி.மீ. உயரம் என்றால் வெட்டு 19 × 80 மி.மீ. உயரத்தில் அதிகம் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. தரை சமமாக இல்லாவிட்டால் பின்னால் ஆப்பு வைப்பீர்கள், அலமாரி உயரும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பின்காலின் கீழே தரை ஓரிரண்டு மி.மீ. பள்ளமாக இருந்துவிட்டால், இறுக்கமாக வெட்டிய வாய் ஸ்கர்ட்டிங்கின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அலமாரி தரையில் நிற்காமல் ஸ்கர்ட்டிங்கில் தொங்கும். டைல் ஸ்கர்ட்டிங் அந்தப் பாரத்தில் விரிசல் விடும்.

பின்பலகை பக்கப்பலகைகளின் விளிம்புமேல் ஆணியடித்த வகை என்றால், ஆழத்தைப் பின்பலகையின் வெளிமுகத்திலிருந்து கணக்கிடுங்கள். சுவரை முதலில் தொடப்போவது அதுதான். பின்பலகை காடிக்குள் (பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள்) செருகிய வகை என்றால் பக்கப்பலகையின் பின்விளிம்பிலிருந்தே அளக்கலாம்.

முதலில் கெட்டி அட்டையில் அளவைக் கீறி, வெட்டி, ஸ்கர்ட்டிங்கின் மேல் வைத்துப் பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் அதைப் பலகைமேல் வைத்துக் கோடு போட வேண்டும். இடது பலகைக்குப் போட்ட அட்டையைத் திருப்பாமல் வலதுக்கும் வைத்துக் கோடு போட்டால், ஒரு பலகையில் வெட்டு முன்மூலைக்குப் போய்விடும். இரண்டு பலகைகளையும் பின்விளிம்போடு பின்விளிம்பு சேர்த்துத் தரையில் வைத்து, ‘பின்’ என்று பென்சிலால் எழுதிவிட்டுக் கோடு போட்டால் இந்தத் தவறு வராது.

மேற்பூச்சு பிசிறாமல் வெட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. கோட்டின் மேல் காகித டேப்பை ஒட்டி, அதன்மேல் மறுபடி கோடு போடுங்கள். கூரான கத்தியால் கோட்டை இரண்டு மூன்று முறை அழுத்திக் கீறுங்கள். வெட்டின் உள்மூலையில், கழிவுப் பகுதிக்குள் இரு கோடுகளையும் தொடும்படி 8 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். ரம்பம் திரும்ப இடம் கிடைக்கும், மூலையிலிருந்து விரிசலும் ஓடாது. பிறகு கீழ்விளிம்பிலிருந்து துளை வரை நீளக்கோட்டையும், பின்விளிம்பிலிருந்து துளை வரை குறுக்குக்கோட்டையும் வெட்டுங்கள்.

எந்த முகத்தை மேலே வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். ஜிக்சாவின் சாதாரண பிளேடு மேலே வரும்போது வெட்டும்; அதனால் மேலே இருக்கும் முகம் பிசிறும். ஜிக்சா என்றால் வெளியே தெரியும் முகத்தைக் கீழே வையுங்கள். தள்ளி அறுக்கும் கைரம்பம் கீழே இறங்கும்போது வெட்டும். அதற்கு நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். பல் நெருக்கமான பிளேடு போட்டு, அவசரப்படாமல் தள்ளினால் பார்ட்டிகிள் போர்டும் (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) சுத்தமாக வெட்டுப்படும்.

வெட்டிய விளிம்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். தரையோரம் துடைப்பத்தின் ஈரமும் துணியின் ஈரமும் தினமும் படும் இடம் அது. பார்ட்டிகிள் போர்டு ஈரத்தைக் குடித்துப் பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். உப்பினால் மறுபடி சுருங்காது. இரண்டு கோட் வார்னிஷோ எனாமல் பெயிண்ட்டோ பூசி, ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகே அலமாரியை நிறுத்துங்கள். பலகையின் முழு அடிவிளிம்புக்கும் அதே பூச்சைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஸ்கர்ட்டிங்கின் தலை வளைந்து நெளிந்த வடிவத்தில் இருந்தால் அதே வளைவை வெட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சுவரோடு சுவராக மறையும் பக்கத்தில் வேண்டாம், சதுர வெட்டே போதும். வெளியே தெரியும் பக்கத்தில் மட்டும் அட்டையில் வளைவைப் பிடித்து வெட்டலாம். உழைப்புக்குத் தகுந்த பலன் அங்கே மட்டும்தான்.

அடிபீடம்

அடித்தட்டு தாழ்வாக உள்ள அலமாரிக்கும், ஸ்லைடிங் கதவு அலமாரிக்கும் ஏற்ற வழி இது. ஸ்கர்ட்டிங்கைவிட 10 மி.மீ. உயரமான ஒரு சட்டத்தைச் செய்து, அதை ஸ்கர்ட்டிங்கிற்கு முன்னால் வைக்கிறோம். அலமாரி அதன்மேல் ஏறி, ஸ்கர்ட்டிங்கின் தலைக்கு மேலாகப் பின்னால் நீண்டு சுவரைத் தொடும். அலமாரியில் ஒரு வெட்டுகூட விழாது.

1200 மி.மீ. அகலம், 580 மி.மீ. ஆழம் உள்ள அலமாரிக்குக் கணக்கு இப்படி வரும். பின்னால் ஸ்கர்ட்டிங்கிற்கு 20 மி.மீ., முன்னால் கால்விரல் இடிக்காமல் இருக்க 40 மி.மீ. விட்டால், பீடத்தின் ஆழம் 520 மி.மீ. 18 மி.மீ. பிளைவுட்டில் 1200 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள், 484 மி.மீ. நீளத்துக்கு நான்கு குறுக்குத் துண்டுகள் தேவை. குறுக்குத் துண்டுகளில் இரண்டு இரு கோடிகளிலும், மீதி இரண்டு நடுவில் சம இடைவெளியிலும் வரும். பக்கப்பலகைகள்தான் பாரம் முழுவதையும் சுமக்கின்றன. அதனால் கோடித் துண்டுகள் சரியாக அவற்றின் கீழே இருந்தாக வேண்டும். நடுவில் தடுப்புப் பலகை உள்ள மூன்று கதவு அலமாரி என்றால், அந்தத் தடுப்புக்கு நேர் கீழேயும் ஒரு குறுக்குத் துண்டு வர வேண்டும். துணியைத் திணித்த பிறகு அடித்தட்டு தொங்குவதும், நடுக்கதவு உரசுவதும் பெரும்பாலும் இது இல்லாததால்தான்.

பீடத்தைத் தனியாக வைத்து, ரசமட்டம் பார்த்து, ஆப்புகளால் சமப்படுத்திய பிறகே அலமாரியை ஏற்றுங்கள். அலமாரி ஏறிய பிறகு ஆப்பு தட்டுவது இரண்டு மடங்கு வேலை. அலமாரியின் உள்ளேயிருந்து அடித்தட்டு வழியாகப் பீடத்தில் நான்கு ஸ்க்ரூ போட்டுவிட்டால் அது நகராது.

கூரையின் உயரத்தை மறக்க வேண்டாம். 2100 மி.மீ. உயரம், 600 மி.மீ. ஆழம் உள்ள அலமாரியைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் 2184 மி.மீ. வரை மேலே போகும். 2360 மி.மீ. அலமாரி என்றால் 2435 மி.மீ. பீடத்தின் மேலேயே வைத்து நிமிர்த்தினால் பீடத்தின் உயரமும் இதோடு சேரும். இடம் போதாவிட்டால் தரையில் நிமிர்த்தி, பிறகு இருவராகத் தூக்கி வைக்க வேண்டும். அதற்கும் இடமில்லையென்றால் நின்ற நிலையிலேயே பூட்ட வேண்டும்.

வெட்டாமல் மறைப்பது

வாடகை வீடு, அல்லது அலமாரியில் கை வைக்க மனமில்லை என்றால் ரீப்பர் வழி. ஸ்கர்ட்டிங்கின் அதே கனத்தில், 40 மி.மீ. அகலத்தில் இரண்டு ரீப்பர்களை எடுங்கள். ஸ்கர்ட்டிங்கின் தலையிலிருந்து அலமாரியின் உச்சிக்கு 5 மி.மீ. கீழே வரை நீளம் வேண்டும். அலமாரியின் இரண்டு பின்விளிம்புகளும் எங்கே வருமோ அங்கே, வெளிமுகத்தோடு நேராக வரும்படி சுவரில் ஸ்க்ரூ செய்யுங்கள். அலமாரியின் நிறத்திலோ சுவரின் நிறத்திலோ பெயிண்ட் அடித்துவிட்டால், அலமாரியைத் தள்ளி நிறுத்தியதும் இடைவெளி இருந்த தடமே தெரியாது. சுவர் சாய்ந்திருந்தால் ரீப்பரின் பின்னால் அட்டைத் துண்டுகள் வைத்து நேராக்கிவிடலாம். இந்த வழியில் அலமாரி ஸ்கர்ட்டிங்கின் கனம் அளவுக்கு முன்னால் நிற்கும் என்பதால், அறைக்கதவு திறக்கும் வழியையும் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மர ஸ்கர்ட்டிங்கில் அலமாரி நிற்கும் நீளத்தை மட்டும் அறுத்து எடுப்பதும் உண்டு. சொந்த வீட்டில், அலமாரியை இனி நகர்த்தப்போவதில்லை என்றால் செய்யலாம். அறுத்த துண்டை எறியாமல் அலமாரிக்கு மேலேயே போட்டு வையுங்கள். டைல் ஸ்கர்ட்டிங்கில் இதைச் செய்ய வேண்டாம். கிரைண்டர் அறை முழுக்கச் சிலிக்கா தூசியைக் கிளப்பும், பக்கத்து டைலும் கழன்று வரும். அவ்வளவுக்கும் கிடைப்பது ஒன்றரை செ.மீ.

மூலையில் நிற்கும் அலமாரி

அறை மூலையில் வைத்தால் பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஸ்கர்ட்டிங் முட்டும். பக்கப்பலகையின் கனமே 16 முதல் 18 மி.மீ.தான், அதன் முகத்தில் குடைய இடமில்லை. குடையவும் தேவையில்லை. கதவு முழுதாகத் திறக்கவும், கைப்பிடி சுவரில் இடிக்காமல் இருக்கவும் அந்தப் பக்கம் எப்படியும் 30 முதல் 50 மி.மீ. விட வேண்டும். உள்ளே இழுப்பறைகள் இருந்தால் இது இன்னும் முக்கியம். கதவு 90 பாகை திறக்காவிட்டால் இழுப்பறை கீலில் முட்டி நிற்கும். அந்த இடைவெளியை முன்பக்கத்தில் ஒரு நிரப்புப் பட்டையால் மூடுங்கள்.

பட்டையைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப வெட்டும் முறை இது. இடைவெளியின் மிக அகலமான இடத்தைவிட 10 மி.மீ. கூடுதலாகப் பட்டையை அறுத்து, நேராக நிறுத்தி, அலமாரிமேல் டேப்பால் தற்காலிகமாக ஒட்டுங்கள். பட்டை சுவரைத் தொட்டுக்கொண்டு அலமாரிமேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, கவராயத்தை அந்த அளவுக்கு விரித்து, ஒரு காலைச் சுவரிலும் பென்சிலைப் பட்டையிலும் வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். சுவரின் மேடுபள்ளம் அப்படியே பட்டையில் பதியும். கீழே ஸ்கர்ட்டிங்கின் வடிவமும் அதே கோட்டில் வந்துவிடும். கோட்டை ஒட்டி அறுத்து, பின்விளிம்பை இழைப்புளியால் சற்றுச் சரிவாக இழைத்தால் முன்விளிம்பு சுவரில் அழுந்தி உட்காரும். மிஞ்சும் 2, 3 மி.மீ. இடைவெளிக்கு அக்ரிலிக் சீலன்ட் பூசுங்கள். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது.

நேராக்கிப் பிடிக்க வைப்பது

சுவரில் ஸ்க்ரூ போடுவதற்கு முன் அலமாரி தானாகவே நேராக நிற்க வேண்டும். ரசமட்டத்தை அகலவாக்கிலும் ஆழவாக்கிலும் பார்த்து, ஆப்புகளைப் பக்கப்பலகைகளின் நேர் கீழே தட்டுங்கள். கதவு மாட்டும் வாயின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் இருந்தால் கூடு கோணியிருக்கிறது. கீலை எவ்வளவு திருகினாலும் கதவுகள் சேராது.

பிறகு உச்சியில் குறைந்தது இரண்டு எல் பிராக்கெட்டுகள். அலமாரியின் பக்கத்தில் இவை மேல்பலகையிலோ பக்கப்பலகையிலோ பிடிக்க வேண்டும், 3 மி.மீ. பின்பலகையில் போட்ட ஸ்க்ரூ எதையும் தாங்காது. 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. ஸ்க்ரூவைத் தாண்டாதீர்கள். செங்கல் சுவரில் 6 மி.மீ. பிட், சுவர்த் துளைக்குள் செருகும் 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக், 5 × 60 மி.மீ. ஸ்க்ரூ போதும். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போக வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஜிப்சம் சுவர் என்றால் உள்ளிருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் பின்னால் விரியும் வகை ஆங்கர் போடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கும் பிளக் பாயிண்ட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும் என்பதால் அந்தக் கோட்டில் டிரில் வேண்டாம்.

பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், அதே கனத்தில் பிளைவுட் துண்டு வைத்துவிட்டு இறுக்குங்கள். துண்டு இல்லாமல் இறுக்கினால் ஸ்க்ரூ உச்சியைப் பின்னால் இழுக்கும், முன்கால்கள் தரையை விட்டு லேசாகத் தூக்கும், அரும்பாடுபட்டுப் பார்த்த மட்டம் போய்விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுவார்கள். பீடத்தின் மேல் நிற்கும் அலமாரிக்கும், ஆழம் குறைந்த அலமாரிக்கும் பிராக்கெட் கட்டாயம்.

பின்விளிம்பில் இன்னும் மெல்லிய இடைவெளி தெரிந்தால், 25 மி.மீ. அகல பீடிங்கைப் பக்கப்பலகையின் வெளிமுகத்தில், சுவரைத் தொடும்படி ஒட்டுங்கள். அலமாரியில் மட்டும் ஒட்ட வேண்டும், சுவரோடு சேர்த்து ஆணியடிக்கக் கூடாது.

வெளிச்சுவர் என்றால்

மழை படும் வெளிச்சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் முதுகை ஒட்டவே வேண்டாம். பின்னால் 20 முதல் 25 மி.மீ. விட்டு, பக்கங்களை மட்டும் பீடிங்கால் மூடி, உச்சியைத் திறந்தே வையுங்கள். பீடம் இருந்தால் அதன் பின்துண்டிலும் முன்துண்டிலும் 30 மி.மீ. துளைகள் இரண்டு மூன்று போட்டுவிட்டால் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும். அப்படி விடாவிட்டால் முதலில் பூசணம் பிடிப்பது சுவரில் அல்ல, பின்பலகையில். துணியில் வாடை ஏறிய பிறகுதான் தெரியவரும். சுவரில் ஏற்கெனவே உப்புப் பூத்திருந்தால் அதைச் சரிசெய்து, பெயிண்ட் காய்ந்த பிறகு அலமாரியை நிறுத்துங்கள். பிளக் பாயிண்ட் பின்னால் மாட்டிக்கொண்டால் பின்பலகையில் அதன் அளவுக்கு வாய் வெட்டிவிடலாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியை மட்டும் பின்னால் விட்டு மூடாதீர்கள்.

துணிகளை அடுக்கிய பிறகு பாரத்தில் அலமாரி சற்று இறங்கும், ஆப்புகள் அழுந்தும். இரண்டு வாரம் கழித்துக் கீல்களைத் திருகிக் கதவுகளைச் சேர்த்து, பிராக்கெட் ஸ்க்ரூவையும் ஒருமுறை பாருங்கள். வெளியே துருத்தி நிற்கும் ஆப்பு முனைகளை அதற்குப் பிறகு வெட்டினால் போதும்.